பிஎம்டபிள்யூ எம்2: இழுவைக் கட்டுப்பாடு, பிரேக், டயர் குறித்து ஒரு மதிப்பீடு

2023 மே மாதத்தில் 98 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்2, பின்சக்கர இயக்கம் கொண்ட இரண்டு கதவுக் கார். சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்நிறுவனத்துக்கு ஆலை இருந்தும், இந்தக் கார் அங்கே உருவாவதில்லை. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசியில் முழுமையாகத் தயாரிக்கப்பட்டு இறக்குமதியாகிறது. இதன் தோற்றம், இருக்கை, திரை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அந்த 2023 மாடலின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ எஞ்சின் தரும் 460 குதிரைத்திறனைச் சாலைக்குக் கொண்டுசேர்ப்பதும், பிறகு அந்த வேகத்தைத் தணிப்பதும் எப்படி நடக்கின்றன என்பதே இங்கே என் அக்கறை.

பிஎம்டபிள்யூவின் அதிவேக வரிசையான எம் மாடல்களில், கார் சறுக்காமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்கு (சுருக்கமாக டிஎஸ்சி) மூன்று நிலைகள் உண்டு. முழுமையாக இயங்கும் டிஎஸ்சி. ஓரளவு வழுக்கலை அனுமதித்து, எல்லை மீறும்போது மட்டும் குறுக்கிடும் எம் டைனமிக் மோட். முற்றிலும் அணைத்த நிலை. எம் டிரைவ் புரொஃபெஷனல் தொகுப்பு உள்ள கார்களில், டிஎஸ்சியை அணைத்த பிறகு பத்துப் படிகள் கொண்ட இழுவைக் கட்டுப்பாடு கிடைக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பொத்தானைத் தொடுவது ஆபத்து. பத்துப் படிகளில் எதைத் தேர்ந்தாலும், பின்சக்கரங்கள் எஞ்சினின் விசையால் எவ்வளவு வழுக்கலாம் என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்து கார் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே அழுத்தி அதை நேர்ப்படுத்தும் வேலை டிஎஸ்சியுடையது. அதைத்தான் ஓட்டுநர் ஏற்கெனவே அணைத்துவிட்டிருக்கிறார்.

செயல்படும் விதத்தில் இக்கட்டுப்பாடு பாராட்டுக்குரியது. பழைய முறையில் வழுக்கலைக் கண்டறிந்த டிஎஸ்சி கணினி எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்பி, அதன் பிறகே விசை குறையும். இதிலோ வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கணக்கு எஞ்சின் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஐ3 என்ற சிறிய மின்சாரக் காரில் பிஎம்டபிள்யூ முதலில் புகுத்திய ஏற்பாடு இது. ஆகவே விசை சட்டென்று அறுந்து மீளும் தடுமாற்றம் இல்லாமல், வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் ஒரே சீராக அழுந்திச் செல்கிறது. ஆயினும் பத்துப் படிகள் மிகை என்றே கருதுகிறேன். அடுத்தடுத்த இரு படிகளுக்கிடையிலான வேறுபாட்டை உணர்வதற்குத் தேர்ந்த பந்தய ஓட்டுநரின் கால் வேண்டும்; மற்றவர்களுக்கு மூன்று அல்லது நான்கு படிகளே போதும். பொதுச்சாலையில் டிஎஸ்சி முழுமையாகவும், சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எம் டைனமிக் மோடும் இருந்தால், பெரும்பாலான உரிமையாளர்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. ஸ்டியரிங்கில் உள்ள எம்1, எம்2 பொத்தான்களில் விரும்பிய அமைப்புகளைச் சேமித்துக்கொள்ள முடிவது நல்ல வசதி. எம்2 காரில் எம்2 என்றொரு பொத்தான் வைத்தவர்களின் நகைச்சுவையைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, முன்பக்கம் 380 மில்லிமீட்டர் டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும், பின்பக்கம் 370 மில்லிமீட்டர் டிஸ்க்கும் ஒற்றை பிஸ்டன் காலிப்பரும் பொருத்தப்பட்டுள்ளன. மிதியின் அழுத்தம் நேரடியாகத் திரவத்துக்குச் செல்லாமல் மின்னணு முறையில் அளக்கப்பட்டு நிறைவேற்றப்படுவதால், மிதி உணர்வை கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். மாறுவது உணர்வு மட்டுமே. நிற்கும் தூரம் மாறுவதில்லை. ஸ்போர்ட்டில் முதல் சில மில்லிமீட்டரிலேயே பிரேக் கடிப்பதால், சென்னை நெரிசலில் கம்ஃபர்ட்டே உகந்தது.

காரின் எடை ஏறத்தாழ 1,700 கிலோ. ஓட்டுநர், எரிபொருள் முதலியவற்றைச் சேர்த்து 1,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், 180 கிமீ வேகத்திலிருந்து 80 கிமீக்கு ஒருமுறை குறைப்பதற்கு ஏறத்தாழ 18 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது; 3.717 கிமீ நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்றில் பலமுறை பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். டிஸ்க்குகள் இதைத் தாங்குகின்றன. முதலில் சோர்வது பிரேக் ஆயிலே; அது கொதித்தால் குமிழ்கள் உண்டாகி மிதி தளர்ந்துவிடும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் குறையாத கடலோர நகரத்தில் இது சிறிய விஷயமன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றும் வழக்கம் சாலைக்குச் சரி. தடத்துக்குச் செல்பவர் ஒவ்வொரு பந்தயப் பருவத்துக்கும் முன் புதிய ஆயிலும், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பேடும் போட்டுக்கொள்வது நல்லது. வழக்கமான எம்2-வுக்கு கார்பன் செராமிக் டிஸ்க் தெரிவு இல்லாததை நான் குறையாகக் கருதவில்லை. அந்தப் பணத்தில் பல செட் டயர் வாங்கிவிடலாம்.

இந்தக் காரின் குணத்தை உண்மையில் தீர்மானிப்பது டயர்தான். இழுவைக் கட்டுப்பாடு புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயர் தரும் பிடிப்பை அளந்து செலவிடுகிறது, அவ்வளவே. முன்னே 275/35 ஆர்19, பின்னே 285/30 ஆர்20 என்பது நிறுவனம் தந்த அளவு (மில்லிமீட்டரில் அகலம், அகலத்தின் விழுக்காடாகப் பக்கச்சுவர் உயரம், அங்குலத்தில் ரிம் விட்டம்). கணக்கிட்டால் முன்சக்கரத்தின் விட்டம் 675 மில்லிமீட்டரும் பின்சக்கரத்தின் விட்டம் 679 மில்லிமீட்டரும் வருகின்றன. கிட்டத்தட்டச் சமமான இந்த விட்டங்களை அடிப்படையாகக் கொண்டே, முன் பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு வழுக்கல் கணக்கிடப்படுகிறது. அளவு கிடைக்கவில்லை என்று பின்னே 295/35 ஆர்20 மாட்டினால் விட்டம் 714 மில்லிமீட்டரைத் தாண்டும். வழுக்காத நிலையிலேயே பின்சக்கரம் ஐந்து விழுக்காடு மெதுவாகச் சுழலும். பத்துப் படிகளின் நுட்பமும் அந்தப் பொய்க் கணக்கில் வீணாகும். மேலும் முன் பின் அளவுகள் வேறுபடுவதால், தேய்மானத்தைச் சமன்செய்ய டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடவும் வழியில்லை.

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இக்காருக்கு இயல்பாகப் பொருந்தும் டயர். பக்கச்சுவரில் நட்சத்திரக் குறி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பிஎம்டபிள்யூ ஒப்புதல் பெற்றது என்பதற்கான அடையாளம் அது. இதன் தேய்மான எண் 300; எண் கூடினால் டயர் நெடுநாள் உழைக்கும். தடத்தை நோக்கி வடிவமைக்கப்பட்ட பைலட் ஸ்போர்ட் கப் 2 பெரும்பாலும் 180. உலர்ந்த தடத்தில் கப் 2 சூடேறிய பிறகு தரும் பிடிப்புக்கு 4எஸ் ஈடாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் கப் 2-இன் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை. ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது, எஞ்சினின் நிமிடத்துக்கு 2,650 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும் 550 நியூட்டன் மீட்டர் விசையோடு அந்த டயரில் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்துக்கும் சேர்த்து ஒரே டயர்தான் என்றால், 4எஸ் தவிர வேறு தெரிவு இல்லை.

கிடைப்பதும் ஒரு சிக்கல். 2020 ஜூனில் டயர் இறக்குமதி, உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டிய கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாறியதால், இத்தகைய அளவுகள் கடையில் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. மிஷெலினுக்குத் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் பெரிய ஆலை உண்டு. அது தொடங்கப்பட்டது லாரி, பஸ் டயர்களுக்காக. இந்தக் காரில், காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயரும் இல்லை. ஆகவே தேய்மானம் பாதியைத் தாண்டும்போதே அடுத்த செட்டுக்குச் சொல்லிவைப்பதும், குறைந்தது பின்பக்க டயர் ஒன்றையாவது வீட்டில் வைத்திருப்பதும் அவசியம். தடத்துக்குச் செல்லும் நாளில் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் சரிபார்த்துவிட்டு அத்தோடு விட்டுவிடக் கூடாது. டயருக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறுகிறது. முதல் சில சுற்றுகளுக்குப் பின் பிட்டுக்குள் (தடத்தோரப் பராமரிப்பு இடத்துக்கு) வந்து, சூடாக இருக்கும்போதே அளந்து, நான்கிலும் மிகுதியை இறக்கிவிட வேண்டும். வீடு திரும்பும் முன் மறக்காமல் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.