ஹாலி 4150-ஐக் கழற்றிவிட்டு ஸ்னைப்பர் மாட்டலாமா?

செவர்லே 350 வி8 எஞ்சினில் ஹாலி 4150 கார்புரேட்டர் இருந்த இடத்தில் அதே கம்பெனியின் ஸ்னைப்பர் இ.எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் யூனிட், அப்படியே உட்காரும், மேனிஃபோல்டின் (காற்று, பெட்ரோல் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) நாலு போல்ட்டும் பொருந்தும். ஆனால் பவர் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒழுங்காக ட்யூன் செய்த 650 டபுள் பம்பர் கார்புரேட்டரைவிட முழு த்ராட்டிலில் இது பெரிதாக எதையும் கூட்டித் தராது. இரண்டுமே மேனிஃபோல்டின் வாயில்தான் பெட்ரோலைக் கொட்டுகின்றன. சிலிண்டருக்குச் சிலிண்டர் கலவை மாறும் பழைய குறை இதிலும் உண்டு.

வித்தியாசம் தெரிவது குளிரில் செல்ஃப் அடிக்கும்போதும் மலை ஏறும்போதும்தான். ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கும் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் துளையை, ஒரு நம்பர் இறக்க வேண்டும் என்பது கார்புரேட்டர் கணக்கு. கடற்கரையில் ட்யூன் செய்த வண்டி 5,280 அடி உயர டென்வரில் ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி, ஓடிப் பிளக்கைக் கறுப்பாக்கும். ஸ்னைப்பர் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

கார்புரேட்டர் பெட்ரோலைக் குடிக்கிறது என்கிறவர்கள் முதலில் பவர் வால்வைப் பாருங்கள், லோடு கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது அதுதான். அதில் 65 என்றிருந்தால் மேனிஃபோல்டின் வாக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் வேகத்தால் வரும் குறை அழுத்தம்) 6.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே போனதும் திறக்கும். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம் போட்ட எஞ்சினில் ஐட்லிங் வாக்குவமே 6 அங்குலம்தான் என்றால் அந்த வால்வு எப்போது மூடும்? ஐட்லிங் வாக்குவத்தில் பாதியை அளவாக வைத்து வால்வு போடுங்கள். இதைச் செய்யாமலே பலர் இ.எஃப்.ஐ.க்குத் தாவுகிறார்கள்.

ஸ்னைப்பரின் உண்மையான செலவு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. கார்புரேட்டருக்கு 6 பி.எஸ்.ஐ. பெட்ரோல் அழுத்தம் போதும், இதற்கு 58.5 வேண்டும். பழைய பம்ப், பழைய ஹோஸ் எதுவும் தாங்காது. பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர், டேங்குக்கு ரிட்டர்ன் லைன். வெளியே மாட்டும் பம்ப் இரைச்சல் போடும், வெயிலில் சூடாகித் திணறும். டேங்குக்குள்ளேயே வையுங்கள், அதற்குப் பணம் இல்லாவிட்டால் கார்புரேட்டரோடு ஓட்டுவது மேல். கால் மைல் ரேஸுக்கு மட்டும் போகும் வண்டிக்கும் அதே பதில்தான், கார்புரேட்டரே.

வயரிங்கில் மெயின் பவர், எர்த் இரண்டையும் நேரே பேட்டரியில் கொடுங்கள். சாலிட் கோர் (உள்ளே வெறும் உலோகக் கம்பி உள்ள) பிளக் வயர் இருந்தால் அதன் மின் இரைச்சலில் கம்ப்யூட்டர் குழம்பி எஞ்சின் மிஸ் ஆகும்.

சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவை லீன், பெட்ரோல் குறைவு என்று ஏமாந்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சென்சாரைக் கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்நோக்கி மாட்டுங்கள். படுக்கையாக இருந்தால் பைப்பில் தேங்கும் நீர்த்துளி பட்டு உள்ளிருக்கும் செராமிக் வெடித்துவிடும்.