இரவு எட்டரை மணி எழுத்துக் கூடம்: 'ரைட்டர்ஸ் ஹவர்' பற்றி

இரவு எட்டரைக்கு, சாப்பிட்ட பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, பையனை அவன் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் ஜூம் திரையில் பக்கம் பக்கமாக முகங்கள். யாரும் பேசுவதில்லை. ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் சமையலறை மேசையில், இன்னொருவர் மடியில் பூனையோடு. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கடந்த ஜூனில் ஒரு நாள் இதற்குள் போனேன். இன்றுவரை முடிந்த நாளெல்லாம் போகிறேன்.

லண்டன் ரைட்டர்ஸ் சலான் என்ற அமைப்பு நடத்துவது இது. மேட் டிரினெட்டி, பாருல் பவிஷி என்ற இரண்டு பேர் தொடங்கிய அமைப்பு. 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இந்தக் கூட்டு எழுத்து நேரத்தை ஆரம்பித்தார்கள். வாரநாட்களில் தினமும் நான்கு முறை நடக்கிறது: லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஆக்லாந்து, இந்த நான்கு ஊரிலும் காலை எட்டு மணிக்கு. நம் கணக்கில், அங்கெல்லாம் கோடைக்காலக் கடிகாரம் ஓடும்போது, லண்டன் நேரம் மதியம் 12.30, நியூயார்க் மாலை 5.30, லாஸ் ஏஞ்சலஸ் இரவு 8.30. ஆக்லாந்து நேரம் நமக்கு நள்ளிரவு தாண்டி வருவதால் அதை விட்டுவிடலாம். நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் எட்டரை ஒன்பதரை ஆகிவிடும், மார்ச்சில் மறுபடி எட்டரைக்கு வரும். கட்டணம் கிடையாது. காசு கட்டிச் சேரும் உறுப்பினர் திட்டம் தனியாக இருக்கிறது, ஆனால் எழுத உட்கார அது தேவையில்லை.

நடத்துபவர் வரவேற்றுவிட்டு, எழுத்தைப் பற்றி யாராவது சொன்ன இரண்டு வரியை வாசிப்பார். அப்புறம் இன்றைக்கு என்ன எழுதப்போகிறோம் என்பதை அரட்டைப் பெட்டியில் போடச் சொல்வார். அதன்பின் ஐம்பது நிமிடம் மௌனம். கடைசியில் எப்படிப் போனது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் மொட்டை மாடியில் கம்பைன்ட் ஸ்டடி செய்வோம். ஒருத்தி கணக்கு போடுவாள், ஒருத்தி வரலாறு மனப்பாடம் செய்வாள், ஒருவர் பாடத்தை ஒருவர் பார்க்கவே மாட்டோம். ஆனால் பக்கத்தில் புத்தகம் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுந்து போக மனசு வராது. அதே உணர்வுதான் இங்கே, நாற்பது வயதில், திரும்பக் கிடைத்திருக்கிறது.

இதற்கு முன்னால் மூன்று வருடம் ஒரு கதைச் செயலியில் எழுதினேன், பெயர் வேண்டாம். அங்கேயும் நல்ல மனிதர்கள் உண்டு. ஆனால் ஒரு பாகம் போட்டதும் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை நட்சத்திரம், ஏன் நேற்றைவிடக் குறைவு என்று நாள் முழுக்கக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பின்னூட்டம் 'அருமை சகோ, அடுத்த பாகம் எப்போது' என்றுதான் வரும். போகப் போக அடுத்த பாகத்துக்காக மட்டுமே எழுத ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்தை இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது. அது எனக்குப் பெரிய இழப்பு. ரைட்டர்ஸ் ஹவரில் யாரும் நம் எழுத்தைப் படிப்பதில்லை, எண்ணிக்கையும் இல்லை, உட்கார்ந்தோமா என்பது ஒன்றுதான்.

நவம்பர் மாதத்தில் 50,000 வார்த்தை எழுதும் நானோரைமோவைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரோடு தொடங்கி உலகமெங்கும் பரவியது, அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. நாளுக்கு 1,667 வார்த்தை என்ற இலக்கு ஓடுகிறவர்களுக்கு ஏற்றது. வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பல வருடம் ஒரே நாவலோடு இருப்பவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பரமக்குடியை ஒட்டிய எமனேஸ்வரத்துத் தறிக்காரத் தெருவை வைத்து நாவல் எழுதுகிறேன். அன்று அரட்டைப் பெட்டியில் 'ஏழாம் அத்தியாயம், பாவு' என்று போட்டேன், பாவு என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே. ஐம்பது நிமிடம் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா அது என்ன என்று கேட்டார். விடிகாலையில் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள், தறிக்குழிக்குள் நெய்கிறவர் ஒருத்தர்தான் என்றாலும் பாவு போடத் தெருவே வர வேண்டும், இன்றைக்கு எங்கள் பாவுக்கு அவர்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். தன் பாட்டி லங்காஷயர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்று அவர் பதில் போட்டார். அங்கே தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, அதனால் பெண்கள் உதட்டை நன்றாக அசைத்து, உதட்டைப் படித்தே ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள், அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயரே உண்டு என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நாவலில் கைத்தறி நொடித்துப்போய் ஒரு அப்பா பள்ளிபாளையத்து விசைத்தறிக்கு வேலைக்குப் போகிறார், அந்த அத்தியாயத்தில் அவரைப் பக்கம் பக்கமாகப் பேசவைத்திருந்தேன். விசைத்தறிக் கொட்டகைக்குள் யாரால் அப்படிப் பேச முடியும்? நானே சின்ன வயதில் அதற்குள் நின்றிருக்கிறேன், கண்ணாலும் கையாலும்தான் கூப்பிடுவார்கள். அந்த நினைவு இத்தனை வருடம் எங்கோ கிடந்திருக்கிறது. வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். பதினோரு பக்கம் நான்கு பக்கமானது, இப்போதுதான் அந்த அப்பா எனக்குக் கண்ணில் தெரிகிறார்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எல்லாம் இங்கிலீஷில் நடக்கும், ஆனால் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாம். (நான் இரண்டாவது வாரம் திறந்தேன். திறந்த பிறகு கைப்பேசியை எடுக்கத் தோன்றவில்லை.) கூட்டம் பெரியது, அரட்டை வரிகள் சரசரவென்று மேலே போய்விடும், ஆகவே முதல் நாளே நண்பர்கள் கிடைப்பார்கள் என்று போக வேண்டாம். தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் இரண்டு மூன்று மாதத்தில் முகங்கள் பழகும். ஒரு பெரியவரை நான்கு நாள் காணவில்லை என்றால் மனசு தேடுகிறது. நம் தமிழைப் படித்துக் கருத்துச் சொல்லும் ஆள் இங்கே கிடைக்கமாட்டார், அதற்கு நம்மில் இரண்டு பேர் வேண்டும். நான் என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு அனுப்புகிறேன், தயவு தாட்சண்யம் இல்லாமல் அடித்துத் தருவாள்.

எங்கள் தெருவில் கரண்ட் போன ஒரு நாள் கைப்பேசியில் இணைப்பைப் போட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன். முடிவில் 'இருட்டில் ஒரு பக்கம்' என்று போட்டேன். வரிசையாக இதயக் குறிகள் வந்தன, ஒருவர் தன் அறையின் விளக்கை அணைத்துக் காட்டினார். யார், எந்த ஊர் என்று தெரியாது. கண் நிறைந்துவிட்டது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு வாரம் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் முன்னதாக நுழைந்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைத் தமிழிலேயே போடுங்கள். எட்டரைக்கு நான் அங்கே இருந்தால் தமிழிலேயே பதில் போடுகிறேன்.