ஆறு ஆண்டு, மூன்று ரோஜாக் குச்சிகள்

லண்டன் ஹாரோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த 2018 டிசம்பரில், தபாலில் இரண்டு ரோஜாச் செடிகள் வந்தன. செடி என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். இலை இல்லை, ஒட்டிய மண் இல்லை. காகிதப் பைக்குள் முள்ளோடு நான்கைந்து குச்சிகள், அடியில் சிக்குப் பிடித்த சடைபோல வேர். அப்போது எங்களோடு தங்கியிருந்த மாமியார் எட்டிப் பார்த்து, "விறகையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார்.

இங்கே இதை 'பேர் ரூட்', அதாவது வெறும் வேர், என்பார்கள். காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரகத்தை ஒட்டி வயலில் வளர்த்த செடியை, அது உறங்கும் குளிர்காலத்தில் பிடுங்கி, மண்ணை உதறி அனுப்புகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும். தொட்டிச் செடியைவிட மலிவு, ரகங்களும் அதிகம். நான் எடுத்தவை 1986-இல் வெளியான ஜெர்ட்ரூட் ஜீக்கில், 1958-இல் வந்த ஐஸ்பெர்க். மூன்றாவதை ஒரு பல்பொருள் அங்காடியில் 5 பவுண்டுக்கு வாங்கினேன். அட்டைப் படத்தில் அதற்கு எத்தனை பூ! பையைப் பிரித்தால் தண்டில் மெழுகு பூச்சு, கடையின் சூட்டில் கிளம்பிய வெளிறிய தளிர்கள், வளைத்தால் ஒடியும் காய்ந்த வேர். முதல் கோடையைக்கூட அது பார்க்கவில்லை. படத்தை நம்பி வாங்கிய எனக்கு அது வேண்டியதுதான்.

நட்டதில் செய்த பெரிய தவறு, எலும்புத் தூள். வேருக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குழியில் ஒரு கை போட்டேன். வாசனை பிடித்து வந்த நரி, விடிவதற்குள் குழியைக் கிளறி ஐஸ்பெர்க்கைப் புல்தரையில் இழுத்துப் போட்டிருந்தது. வேரை மறுபடி இரண்டு மணி நேரம் வாளியில் ஊறவைத்து, உறையாத மண்ணாகப் பார்த்து நட்டேன். பிழைத்துக்கொண்டது.

ஆனால் அந்த அவசரத்தில் ஒட்டுப் போட்ட முண்டு மண்ணுக்கு மேலே துருத்தி நின்றுவிட்டது. அதை மண்மட்டத்தில் வை என்பாரும் உண்டு, உள்ளே புதை என்பாரும் உண்டு. என் தோட்டம் புதைப்பவர்கள் பக்கம். இரண்டு விரல் ஆழத்தில் முண்டு புதைந்த ஜீக்கில், காற்றுக்கு அசையவில்லை. ஐஸ்பெர்க் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் ஆண்டு அதன் அடியிலிருந்து வேறு சாயல் இலையோடு ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பியது. எவ்வளவு செழிப்பு என்று நான் மகிழ்ந்தது வெட்கக்கேடு. அது ஒட்டுக்குக் கீழிருந்து வந்த காட்டு ரோஜா. வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், மண்ணைத் தோண்டி வேரோடு சேரும் இடத்திலேயே பிய்த்தெடுத்தேன்.

முதல் ஆண்டு பூக்களை எண்ணிவிடலாம். மூன்றாம் ஆண்டில்தான் ஜீக்கில் தன் குணத்தைக் காட்டியது. ஜூன் மாதக் காலையில் சமையலறைக் கதவைத் திறந்தால் பன்னீர் தெளித்ததுபோல் மணம். முள்ளும் அதற்கேற்றதுதான், பிப்ரவரியில் கவாத்து செய்யத் தோல் கையுறை இல்லாமல் நெருங்க முடியாது. ஐஸ்பெர்க்குக்கு மணம் பேருக்குத்தான். ஆனால் நவம்பரிலும் வெள்ளையாய் நாலு பூவாவது நிற்கும். கரும்புள்ளி நோய் ஆண்டுதோறும் வருகிறது. மருந்தடிப்பதில்லை, விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதோடு சரி. அசுவினிப் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்க்கிறேன்.

2022 ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாளில், களிமண் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. பக்கத்துத் தொட்டிச் செடிகள் கருகின. இவை இலை தீய்ந்து நின்று, செப்டம்பரில் மறுபடி பூத்தன.

செத்த ரோஜாவின் இடத்தில் அதே மண்ணில் புதியது நட்டால் தேறுவது கடினம் என்பார்கள். அதனால் இந்த முறை ஒரு மீட்டர் தள்ளிக் குழி எடுத்திருக்கிறேன். ஆரஞ்சு நிற லேடி ஆஃப் ஷாலட் நேற்று வந்தது, வாளியில் ஊறுகிறது. எலும்புத் தூள் டப்பாவை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நரியைப் பற்றியும் சொல்லித்தான் கொடுத்தேன்.