குளோரின் சோதனையா, கறுப்பாகும் பாட்டிலா?

கொள்ளிடத்து ஆற்றுப்படுகைக் கிணற்றில் எடுக்கும் தண்ணீர் வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர்வதற்குள், கிருமியைக் கொல்லக் கலந்த குளோரின் குறைந்துபோகும். அதனால் தொட்டியடியில் பார்த்தால் போதாது. கடைக்கோடித் தெருக்குழாயில் பார்க்க வேண்டும்.

குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி (DPD) மாத்திரைச் சோதனை உடனே பதில் சொல்லும். குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, 10 மில்லி பிடித்து, 'டிபிடி 1' மாத்திரையை நசுக்கிப் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பை நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். எதனோடும் சேராத தனிக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தாமதித்தால், அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து வலுக்குறைந்த கூட்டுக் குளோரினும் நிறம் காட்டி ஏமாற்றும். குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்து, 'இல்லை' என்பதுபோல் தெரியும். சந்தேகமென்றால் குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். மஞ்சள் நிறம் தரும் பழைய ஆர்த்தோடொலிடின் சோதனை மருந்து வேண்டாம், அது நச்சு.

கறுப்பாகும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் கேட்பது வேறு கேள்வி: மலக்கிருமி கலந்ததா? குறிவரை நிரப்பி 30 முதல் 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், கிருமி இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும். அதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும். அழுகிய முட்டை வாடை வீசும் ஆழ்துளைக் கிணற்று நீர் கிருமியில்லாமலே கறுக்கலாம்.

தினசரிக்கு டிபிடிதான். குழாய் உடைந்தாலோ வெள்ளம் வடிந்த பிறகோ பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்தால் ஆய்வகத்தில் ஈ.கோலை என்ற மலக்கிருமிக்கான சோதனை, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.