கோல்ஃப் 7 லேன் அசிஸ்ட்: கேபிளா, கைப்பேசியா, பணிமனையா?

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7 வைத்திருப்பவர்கள் கார் தடக்கோட்டைத் தாண்டாமல் ஸ்டீயரிங்கைத் திருத்தும் அதன் லேன் அசிஸ்டைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். தடக்கோட்டைத் தொடப்போகும் நேரத்தில்தான் விழித்துக்கொள்கிறது என்பது ஒன்று. அணைத்துவைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானாக வந்து நிற்கிறது என்பது இரண்டு. எப்போது பார்த்தாலும் ஒரே பக்கமாகத் தள்ளுகிறது என்பது மூன்று. முதல் இரண்டுக்கும், காரின் உள்கணினிகளைப் படித்து அமைப்புகளை மாற்றும் ஸ்கேனரில் மருந்து உண்டு. மூன்றாவதற்குக் கிடையாது. எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் குறை இந்த மூன்றில் எது என்பதைத்தான்.

கருவிகளுக்குள் போகுமுன் காருக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். முன்கண்ணாடியில், உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலைக் கோடுகளைப் படிக்கிறது. வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் அளவைத் தாண்டியதும் அமைப்பு வேலைக்கு வருகிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டை நெருங்கினால், மின்சார ஸ்டீயரிங்கில் உள்ள மோட்டாருக்கு ஒரு சிறு திருத்தம் செய்யும்படி கட்டளை போகிறது. அந்தத் தள்ளலை ஓட்டுநர் கையால் எளிதில் மீற முடிய வேண்டும். இத்தகைய அமைப்புகளை மீறுவதற்குத் தேவைப்படும் விசை 50 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று ஸ்டீயரிங்குக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 79 வரம்பு கட்டியிருக்கிறது. ஆக, முடிவெடுப்பது ஒரு மாட்யூல் (கட்டுப்பாட்டுக் கணினி), நிறைவேற்றுவது இன்னொன்று. ஸ்கேனரின் பட்டியலில் கேமரா ஏ5 என்ற முகவரியிலும் ஸ்டீயரிங் 44 என்ற முகவரியிலும் இருக்கும். லேன் அசிஸ்டின் குணத்தை மாற்றும் அமைப்புகளில் பெரும்பாலானவை ஏ5-இல்தான் இருக்கின்றன.

போட்டியில் முதலில் நிற்பது காசு செலவில்லாத ஒன்று: காரின் சொந்த மெனு. திரையில் ஓட்டுநர் உதவிப் பகுதிக்குள் போனால் லேன் அசிஸ்டுக்குக் கீழே 'தகவமைக்கும் தட வழிகாட்டல்' என்ற பொருளில் இன்னொரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் காரின் நடத்தையே மாறிவிடுகிறது. குறியில்லாதபோது அது கோட்டை நெருங்கிய பிறகு மட்டும் தலையிடும். ஒரு கோட்டில் தட்டுப்பட்டு, மறு கோட்டை நோக்கி நகர்ந்து, அங்கும் தட்டுப்படும் அந்த எரிச்சலூட்டும் ஆட்டம் இதனால்தான். குறியிட்டால், தடத்துக்குள் ஓட்டுநர் எந்த இடத்தில் ஓட்ட விரும்புகிறார் என்பதைக் கவனித்து அந்த இடத்திலேயே தொடர்ந்து பிடித்துவைக்கப் பார்க்கும். 'தாமதமாக விழிக்கிறது' என்று ஸ்கேனர் தேடும் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்த ஒரு குறிதான். சில கார்களில் அந்தக் கட்டம் மெனுவில் தெரியாது. ஸ்கேனருக்கு உண்மையான வேலை அங்கே தொடங்குகிறது.

விசிடிஎஸ்

அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ், ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களை வைத்திருப்பவர்களிடையே நெடுங்காலமாகப் பேர் பெற்ற மென்பொருள். விண்டோஸ் மடிக்கணினி வேண்டும். கேபிள் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனர்களுக்கான ஓபிடி துளையில் மாட்டும். ஹெக்ஸ்-வி2 கேபிள் மூன்று கார்கள், பத்துக் கார்கள், வரம்பில்லாதது என்று மூன்று விதமாக விற்கிறது. சந்தா எதுவும் இல்லை என்பதை நான் பெரிய சிறப்பாக மதிக்கிறேன்.

வேலை நடக்கும் விதம் இப்படி. இக்னிஷனைப் போட வேண்டும், எஞ்சினை அல்ல. பேட்டரி இறங்காமலிருக்கச் சார்ஜரை இணைத்துவைப்பது நல்லது. ஏ5-ஐத் திறந்து, 'செக்யூரிட்டி அக்சஸ்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு கட்டம் வரும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் பொருத்தமான குறியீட்டை மென்பொருளே குமிழியாகக் காட்டும். கோல்ஃப் 7-இன் கேமராவுக்கு அது 20103. பிறகு, மாட்யூலின் அமைப்பு மதிப்புகளை மாற்றும் 'அடாப்டேஷன்' பக்கம். அங்கே நீண்ட பட்டியலிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே இப்போதைய மதிப்பு, கீழே புதிய மதிப்புக்கான கட்டம். தலையிடும் நேரம் என்ற பொருளிலுள்ள வரியில் 'முன்கூட்டியே', 'தாமதமாக', 'மெனு வழியாக' போன்ற தெரிவுகள் விரியும். 'டூ இட்' பொத்தானை அழுத்தும்வரை காரில் எதுவும் மாறுவதில்லை. அழுத்தியதும், ஏற்றுக்கொண்டதா மறுத்ததா என்று மாட்யூல் உடனே சொல்லிவிடும்.

இரண்டாவது குறைக்கும் இதே பக்கம்தான். 'கிளெம்மே 15' என்று ஜெர்மானியர்கள் சொல்வது இக்னிஷன் போட்டதும் மின்சாரம் வரும் முனையை. அந்த முனை உயிர்பெற்றதும் லேன் அசிஸ்ட் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதற்கு ஒரு வரி இருக்கிறது. அதைக் 'கடைசியாக வைத்த நிலை' என்று மாற்றினால், அணைத்தது அணைந்தே இருக்கும். வரிகளின் பெயரும் தெரிவுகளும் கேமராவின் பதிப்புக்கு ஏற்ப வேறுபடும். அதனால் யாரோ சொன்ன வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதைவிட, பட்டியல் முழுவதையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுவது மேல்.

விசிடிஎஸ்ஸை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் வேகமோ அழகோ அல்ல. அழகைப் பொறுத்தவரை, இருபது ஆண்டுக்கு முந்தைய அலுவலகக் கணினித் திரையைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். காரணம், ஒரு மாட்யூலின் எல்லா அடாப்டேஷன் மதிப்புகளையும் ஒரே சிஎஸ்வி (அட்டவணைக்) கோப்பாக எழுதித் தரும் வசதி. மாற்றுவதற்கு முன் ஒரு கோப்பு, மாற்றிய பின் ஒரு கோப்பு. இரண்டையும் அருகருகே வைத்தால் எது மாறியது என்பது தெரிந்துவிடும். காரை விற்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. அந்தக் கோப்பு உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது, வேறு யாருடைய சர்வரிலும் அல்ல.

மலிவாகக் கிடைக்கும் போலிக் கேபிள்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம். மென்பொருளைப் புதுப்பித்ததும் பலது செத்துப்போகிறது. பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டால் புதிய கேமராக்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்காது.

ஓபிடி லெவன்

லித்துவேனியாவில் உருவான ஓபிடி லெவன் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. கட்டை விரல் அளவிலான கருவியைத் துளையில் செருகிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தால் போதும். அதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 'ஒன்-கிளிக் ஆப்' என்ற ஆயத்த மாற்றங்கள்: கிரெடிட் வாங்கி, பெயரைத் தட்டினால் மாற்றம் முடிந்தது. எந்த மாட்யூலில் எந்த வரி மாறியது என்பதைப் பயன்படுத்துபவர் அறிய வேண்டிய கட்டாயமில்லை. வசதிதான், எனக்கு உறுத்துவதும் அதுதான். இரண்டாவது வழி, ஆண்டுச் சந்தா கட்டி விசிடிஎஸ் போலவே மாட்யூலைத் திறந்து அடாப்டேஷனை நாமே மாற்றுவது. அதே ஏ5, அதே குறியீடு, அதே வரிகள். திரை மட்டும் சிறியது.

அதன் பக்கம் நியாயம் பேச வேண்டுமென்றால், செய்த மாற்றங்களின் வரலாற்றை அதுவே கணக்கில் பதிந்துவைத்துக்கொள்கிறது. பழைய மதிப்பைத் தேடிப் பிடித்துத் திருப்பலாம். கோப்பெடுத்து வைக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கு இந்தத் தானியங்கிப் பதிவு பெரிய துணை. ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு ஸ்கேனரை மறந்துவிடப் போகிறவருக்கு விசிடிஎஸ் கேபிள் வீண் செலவு. அவருக்கு இதைத்தான் சொல்வேன். வீட்டில் இரண்டு மூன்று கார்கள், அவற்றைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம் என்றால் சந்தாக் கணக்கு தலைகீழாகிவிடும்.

கரிஸ்டா என்ற செயலியும் களத்தில் இருக்கிறது. மாட்யூல் எண், வரிப் பெயர் என்று எதையும் காட்டாமல், கார் அனுமதிக்கும் மாற்றங்களை எளிய சொற்களில் பட்டியலிடும். பட்டியலில் லேன் அசிஸ்ட் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் அதற்குமேல் தோண்ட வழியில்லை. கதவுப் பூட்டுச் சத்தம், விளக்கு எரியும் நேரம் போன்றவற்றுக்குச் சரி.

மூன்றாவது குறை

எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளும் காரில் அடாப்டேஷனை மாற்றுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் திருத்துவதற்குச் சமம். முன்கண்ணாடி மாற்றப்பட்டதா, கேமரா கழற்றப்பட்டதா, சக்கர அலைன்மென்ட் சரிசெய்யப்பட்டதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கேமரா தன் கோணத்தைச் சிறிதளவு தவறாக நினைத்துக்கொண்டிருந்தாலும், தொலைவிலுள்ள கோட்டை அது கணிக்கும் இடம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கார் அந்தத் தவறான நடுவை நோக்கி உண்மையாகவே உழைக்கும்.

இதற்கு வேண்டியது அளவீட்டுத் திருத்தம். ஃபோக்ஸ்வாகன் பணிமனைகளில் வாஸ் 6430 என்ற சட்டகத்தைக் காருக்கு முன்னால் நிறுத்தி, அதிலுள்ள பலகையைக் கேமராவுக்குக் காட்டுவார்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். காரில் சுமை இருக்கக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் பாடி நிற்கும் உயரத்தை அளந்து உள்ளிட வேண்டும். இந்தக் கட்டளையை அனுப்ப விசிடிஎஸ்ஸுக்கும் தெரியும், நிறுவனத்தின் சொந்த மென்பொருளான ஓடிஸுக்கும் தெரியும். ஆனால் பலகையும் சட்டகமும் மட்டமான தரையும் வீட்டு வாசலில் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் பணிமனைக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி முணுமுணுக்கத் தேவையில்லை. கண்ணாடி மாற்றியவரிடம் அளவீட்டுச் சான்றைக் கேட்டு வாங்கிவைப்பது அதைவிட முக்கியம். 'கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே சரியாகிவிடும்' என்ற பதிலை இந்தக் காரில் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கையை எடுக்க விரும்புபவர்கள்

நான்காவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. 'ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்' என்ற எச்சரிக்கை வரும் நேரத்தை நீட்ட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கோல்ஃப் 7-இல் கை இருப்பதைத் தொடு உணர்வால் அறிவதில்லை. ஸ்டீயரிங் தண்டில் உணரப்படும் சிறு முறுக்குவிசையால்தான் அறிகிறது. நேரான சாலையில் கையை மெதுவாக வைத்திருப்பவரையும் அது கையெடுத்தவர் என்று நினைத்துக் கடிந்துகொள்ளும். எரிச்சல் நியாயமானதே. ஆனால் அந்த நேர வரம்பு அடாப்டேஷன் பட்டியலில் இருப்பதில்லை. 44-இன் தரவுத் தொகுப்பையே மாற்றி எழுத வேண்டும். அதற்கான கருவிகளும் விற்கின்றன. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்க நான் விரும்பவில்லை. ஸ்டீயரிங் மாட்யூலில் எழுத்து பாதியில் நின்றுபோனால் திரும்பும் வழி எளிதல்ல. தவிர, கை இல்லாதபோது 15 விநாடிக்குள் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை வர வேண்டும் என்பதை ஒழுங்குவிதி 79 காரணத்தோடுதான் வைத்திருக்கிறது.

கோல்ஃப் 8 வந்த பிறகு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. எஸ்எஃப்டி என்ற பூட்டு வந்தது: மாட்யூலைப் படிக்கலாம், எழுத வேண்டுமென்றால் ஃபோக்ஸ்வாகன் சர்வரிலிருந்து தற்காலிக அனுமதிச் சாவி வர வேண்டும். கேபிளும் மடிக்கணினியும் மட்டும் வைத்திருப்பவர் வாசலிலேயே நிற்கிறார். ஓபிடி லெவன் நிறுவனம் உற்பத்தியாளரோடு உடன்பாடு செய்துகொண்டு சில மாற்றங்களுக்கு அதிகாரபூர்வ வழியைத் திறந்துவைத்திருக்கிறது. கோல்ஃப் 8 உரிமையாளருக்கு நான் கைப்பேசிக் கருவியைப் பரிந்துரைப்பது அதனால்தான். அங்கே சிஎஸ்வி கோப்பின் சிறப்பு எடுபடாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 ஒழுங்குவிதிப்படி, அவசரத் தடக்காப்பு அமைப்பு 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது இயங்கும் நிலையில் எழ வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கோல்ஃப் 7-இல் 'கடைசியாக வைத்த நிலை' என்று மாற்றுவது ஓட்டுநரின் விருப்பம். இந்தப் புதிய கார்களில் அவசர அமைப்பையும் அதே போல அணைந்த நிலையில் எழவைத்தால், கார் எந்த நிபந்தனையின் பேரில் அனுமதி பெற்றதோ அதையே மாற்றுவதாகிவிடும். ஜெர்மனியில் வாகன அனுமதி விதித்தொகுப்பின் 19ஆம் பிரிவு, சாலைப் பயனாளர்களுக்கு ஆபத்து எதிர்பார்க்கத்தக்க மாற்றம் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே காலாவதியாகும் என்கிறது. அத்தகைய காரில் அது பிடிக்கவில்லையென்றால், புறப்படும்போது மெனுவில் போய் ஒவ்வொரு முறையும் அணைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை.