டமியா மார்க் 4 டேங்க் கிட்: கட்டி முடிச்சு காரைப்பொடி பூசுன கதை

டமியாங்கிற ஜப்பான் கம்பெனியோட 1/35 (நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு அளவு) மார்க் 4 பிரிட்டிஷ் டேங்க் பிளாஸ்டிக் மாடல் கிட்டை போன வாரம்தான் முடிச்சேன். மொத்தம் நாலு மாசம். அதுல ஒட்டிக் கட்டுனது மூணு வாரம்தான், மிச்சம் முழுக்க பெயின்ட்டும் வெதரிங்கும் (அழுக்கு, துரு, சேறு வச்சு மாடலை நிஜமா ஓடுன வண்டி மாதிரி ஆக்குறது). முதல் உலகப்போர் டேங்க் ஒன்னு கட்டிப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க, அதுவும் வெதரிங் ஒழுங்கா கத்துக்கணும்னு இருக்கிறவங்க, இதைத்தான் முதல்ல வாங்கணும்னு முதல்லயே சொல்லிர்றேன். இந்த டேங்குல டரெட் (மேல சுத்துற பீரங்கிக் கூண்டு) கிடையாது, சக்கரம் வெளிய தெரியாது, பெரிய பெரிய தட்டைத் தகடு, அதுல வரிசை வரிசையா ரிவெட் (தகடை இணைக்கிற ஆணித்தலை), சுத்தி ட்ராக்ங்கிற இரும்புச் சங்கிலிப் பட்டை, அவ்வளவுதான், அதனால நீங்க வைக்கிற ஒவ்வொரு கறையும் அப்படியே கண்ணுல விழும், தப்பா வச்சாலும் விழும், ஒளிச்சு வைக்க இடமே இல்ல.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்றேன். டேங்குங்கிற பொருளே போர்க்களத்துக்கு முதல்ல வந்தது 1916 செப்டம்பர் 15, பிரான்ஸ்ல சோம் பக்கம், அது மார்க் 1. மார்க் 4 அடுத்த வருஷம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் 6 பவுண்டர் பீரங்கி இருந்தா ஆண் டேங்க், வெறும் மெஷின் கன் மட்டும்னா பெண் டேங்க், பிரிட்டிஷ்காரங்க அப்படித்தான் பேர் வச்சிருந்தாங்க. இந்த கிட் ஆண் டேங்க். நிஜத்துல 28 டன், உள்ள 8 பேர், ஓட்டுறதுக்கே நாலு பேர் வேணும். மார்க் 1-ல நீளமா இருந்த பீரங்கிக் குழாய் மேடு பள்ளத்துல இடிச்சுச்சுன்னு இதுல குட்டையாக்கிட்டாங்க, பெட்ரோல் டேங்கை உள்ள இருந்து தூக்கி பின்னாடி வெளிய வச்சுட்டாங்க. மாடல் முடிஞ்சப்புறம் அளந்தா சுமார் 23 செ.மீ. நீளம், அலமாரியில நல்லா இடம் பிடிக்கும்.

கட்டுறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாம் சொன்ன இடத்துல போய் உக்காருது, இடைவெளி அடைக்கிற புட்டி கிட்டத்தட்ட தேவையே படல. ட்ராக் ஒவ்வொரு கண்ணியா பசை இல்லாம அழுத்தி மாட்டுறது, ரெண்டு சாயங்காலம் பாட்டு போட்டுக்கிட்டு வளவுல (வீட்டு நடு முற்றத்துல) உக்காந்து மாட்டி முடிச்சேன். இதுல மோட்டார் உண்டு, பேட்டரி போட்டா மெதுவா ஊர்ந்து போகும், அந்த இடம் மோட்டாருக்குப் போயிட்டதால எஞ்சின், சீட்டுன்னு உள்பக்கம் எதுவும் எதிர்பாக்காதீங்க. உள்பக்கம்தான் வேணும்னா மெங் கம்பெனியோட ரெனோ எஃப்டி பாருங்க, சின்ன டேங்க், எஞ்சின் வரைக்கும் குடுத்திருக்காங்க. விலைன்னு பாத்தா எனக்கு ஷிப்பிங் எல்லாம் சேத்து ஏழாயிரத்தைத் தாண்டுச்சு. காரைக்குடியில இதெல்லாம் கடையில கிடைக்காது, ஆன்லைன்தான்.

பெயின்ட்டுக்கு டமியாவோட எக்ஸ்எஃப் 49 காக்கியையும் எக்ஸ்எஃப் 10 பிரவுனையும் கலந்துக்கிட்டேன். 1917-ல இந்த டேங்குகளுக்கு ஒரே பிரவுன்தான், மார்க் 1-க்கு அடிச்ச பல கலர் திட்டுத்திட்டு டிசைனெல்லாம் அப்ப இல்ல. முன்னாடி பக்கவாட்டுல வெள்ளை-சிவப்பு-வெள்ளை பட்டை போட்ட படம் நிறைய பாத்திருப்பீங்க, அது 1918-ல வந்தது, ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டுப் போன பிரிட்டிஷ் டேங்கையே திருப்பி ஓட்டிக்கிட்டு வந்ததால அடையாளத்துக்குப் போட்டது. என்னோடது வடக்கு பிரான்ஸ்ல நடந்த 1917 நவம்பர் 20 கம்ப்ரே சண்டை டேங்க், அதனால பட்டை வேண்டாம்னு விட்டுட்டேன். நம்ம ஊர் வெயில்ல ஒரு விஷயம் கவனிங்க, ஏப்ரல் மே-ல மத்தியானம் ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தெளிக்கிற கருவி) எடுத்தா பெயின்ட் ஊசி முனையிலயே காஞ்சு துப்பும், காலைல ஆறு மணிக்கு அடிங்க, பெயின்ட் சீக்கிரம் காயாம இருக்க ரிடார்டர் நாலு சொட்டு விடுங்க. ஐப்பசி அடைமழையில லாக்கர் வார்னிஷ் பக்கமே போகாதீங்க, ஈரக்காத்துல வெள்ளையா பூத்துரும், எனக்கு ஒரு சைடு பூத்து மறுபடி அடிச்சேன்.

இப்ப வெதரிங்குக்கு வர்றேன், இதை எழுத உக்காந்ததே இதுக்குத்தான். முக்காவாசிப் பேர் முதல் உலகப்போர் டேங்குன்னா துருவை அள்ளிப் பூசிர்றாங்க. காரணம் என்னன்னா அவங்க பாக்குற படம் மியூசியம் படம். பிரான்ஸ்ல ஃப்ளெஸ்கியேர்ங்கிற ஊர்ல டெபோரான்னு ஒரு மார்க் 4 இருக்கு, பெண் டேங்க், கம்ப்ரே சண்டையில அடிபட்டு அங்கேயே மண்ணுக்குள்ள புதைஞ்சு போனதை 1998-லதான் தோண்டி எடுத்தாங்க. அதோட துரு 81 வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த துரு. சண்டைக்குப் போன காலையில அந்த டேங்குக்கு வயசு சில மாசம்தான், பெயின்ட் புதுசு, இரும்பு புதுசு. துரு இருந்தா கூரை மேல போற சைலன்சர் குழாயில இருக்கும், ஏன்னா அங்க சூட்டுல பெயின்ட் நிக்காது, அப்புறம் ட்ராக்குல ராத்திரி ஈரத்துல பூத்த லேசான செம்பழுப்பு, அதுவும் பத்தடி ஓடுனா தேஞ்சு போய் தரையில படுற பக்கம் பளபளன்னு ஆயிரும்.

அப்ப ரிவெட்டுக்கு என்ன பண்றதுன்னு எனக்கும் குழப்பம் இருந்துச்சு. தேவகோட்டையில எங்க ஐயா வீட்டுல, அம்மா வழி, ரெண்டாங்கட்டுல ஒரு பழைய இரும்புப்பெட்டி இருக்கு, சுத்தி ரிவெட் அடிச்சது, ரெண்டு ஆள் சேந்தாலும் நகத்த முடியாது. அது முன்னாடி டார்ச் அடிச்சு அரை மணி நேரம் உக்காந்து பாத்தேன். ரிவெட்டோட தலை உச்சி கை பட்டுப் பட்டு மின்னுது, தலைக்குக் கீழ தகடோட சேர்ற இடத்துல கருப்பா ஒரு வளையம், எண்ணெயும் தூசியும் சேந்து இறுகுனது, அந்த வளையத்துல இருந்து கீழ மட்டும் ஒரு பழுப்புக் கோடு, கண்ணீர் வழிஞ்சு காஞ்ச மாதிரி, நீளம் பாத்தா ஒரு அங்குலம்கூட வராது. எல்லா ரிவெட்டுக்கும் இல்ல, பத்துக்கு ஒன்னோ ரெண்டோதான். இப்ப கணக்குப் போடுங்க, ஒரு அங்குலத்தை 35-ஆல வகுத்தா முக்கால் மில்லிமீட்டர்கூட இல்ல. நம்மாளுங்க மாடல்ல ரிவெட்டுக்கு ரிவெட் அரை செ.மீ. கோடு இழுக்குறாங்களே, அது நிஜத்துல ஏழு அங்குலத்துக்குத் துரு வடிஞ்ச மாதிரி. நான் ஆயில் பெயின்ட் பர்ன்ட் அம்பரோட கொஞ்சம் கருப்பு சேத்து நல்லா நீர்க்கக் கரைச்சு, ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ல ரிவெட் அடியில மட்டும் தொட்டு வச்சு, காஞ்சதும் ஒயிட் ஸ்பிரிட்ல நனைச்ச பிரஷ்ஷால கீழ்ப்பக்கமா ஒரே ஒரு தடவ இழுத்தேன். அம்புட்டுதான். அந்த இரும்புப்பெட்டி மாதிரியே வந்துச்சு, எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

அடுத்தது சேறு. ஒரு ஆன்லைன் கடையில ஐரோப்பியச் சேறுன்னு பேர் போட்டு பிக்மென்ட்ங்கிற நிறப்பொடி வித்தாங்க, வாங்கி டப்பாவைத் திறந்தா அசல் நம்ம ஊர் செம்மண். குன்றக்குடி ரோட்டுல அள்ளுன மாதிரி இருந்துச்சு, திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாங்க. கம்ப்ரே பக்கம் மண்ணு அப்படி இல்ல, அடியில சுண்ணாம்புக்கல்லு, அதனால தோண்டுனா வெளுத்த மண்ணுதான் வரும், தண்ணியும் தேங்காது. பெல்ஜியத்துல ஈப்ர் பக்கம் களிமண் சகதியில டேங்கெல்லாம் வயிறு வரைக்கும் புதைஞ்சதால கெட்டித் தரை வேணும்னு பாத்துத்தான் கம்ப்ரேயில 476 டேங்கை ஒரே இடத்துல இறக்குனாங்க. அப்ப அந்த டேங்க் மேல செம்மண்ணைப் பூசுனா அது கம்ப்ரே டேங்க்கே இல்ல. எந்த மண்ணுல ஓடுச்சோ அந்த மண்ணுதான் மேல இருக்கணும், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வெளுத்த மண்ணுக்கு எங்க போறதுன்னு தேடிக்கிட்டு இருந்தப்பதான் வீட்டுச் சுவரு கண்ணுல பட்டுச்சு. நம்ம வீடுகள்ல சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காயெல்லாம் போட்டு இழைச்ச காரைதானே, எங்க வீட்டுல பின்கட்டுல மழைத்தண்ணி இறங்கி அது பொரிஞ்சு தரையில கொட்டிக்கிட்டே இருக்கு. அள்ளி காகிதத்துல மடிச்சுக்கிட்டு இருக்கேன், அப்பத்தா வந்துட்டாங்க.

"ஏன்டா தம்பி, காரையை எதுக்குப் பொட்டலம் கட்டுறே?"

"பொம்மை வண்டிக்குப் பூசணும் அப்பத்தா."

"பழசையே எடுத்துக்க, புதுச் சுண்ணாம்பைத் தொட்டுறாதே, கை வெந்துபோயிரும்."

அவங்க சொன்னது ரொம்ப சரி. புதுசா நீத்துன சுண்ணாம்பு காரம், தோலையும் அரிக்கும் பெயின்ட்டையும் கெடுக்கும். பழைய காரை அத்தனை வருஷம் காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து இழுத்து கால்சியம் கார்பனேட்டா மாறியிருக்கும், கம்ப்ரே மண்ணுக்கடியில இருக்கிற சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். அம்மியில நுணுக்கி பழைய வேட்டித்துணியில ரெண்டு தடவ சலிச்சேன் (மூக்கை மூடிக்கிட்டு செய்ங்க, தூசி பறக்கும்). ரா அம்பர் பிக்மென்ட் கொஞ்சம், காரைப்பொடி நிறைய, மேட் வார்னிஷ்ல குழைச்சு ட்ராக்குலயும் அடிப்பக்கத்துலயும் மட்டும் அப்பினேன், மேல ஏற ஏற வெறும் பொடியா பிரஷ்ல தட்டி விட்டேன். காஞ்சப்புறம் வந்த அந்த சாம்பல் கலந்த வெள்ளை இருக்கே, காசு குடுத்து வாங்குன எந்த டப்பாவுலயும் எனக்கு இதுவரைக்கும் வரல. ஈரமா இருக்கிற இடம் காட்ட ரெண்டு மூணு எடத்துல மட்டும் சாட்டின் வார்னிஷ் தொட்டேன்.

கம்ப்ரேன்னா கூரை மேல விறகுக்கட்டு இல்லாம எப்படி? அகலமான அகழியில உருட்டி விட்டு அது மேல ஏறிப் போறதுக்குச் சங்கிலி போட்டு இறுக்குன சுள்ளிக்கட்டு, ஒன்னே முக்கால் டன் எடை. முதல்ல தென்னை ஈர்க்குல கட்டிப் பாத்தேன், விளக்குமாறு மாதிரியே இருந்துச்சு, பிரிச்சுட்டேன். காஞ்ச துளசிக் குச்சி பிரமாதம், சின்னச் சின்னக் கிளை பிரிஞ்சு அசல் சுள்ளி மாதிரியே இருக்கு. சுமார் ஒன்பது செ.மீ. நீளம், நாலு செ.மீ. தடிமன் வர்ற வரைக்கும் சேத்து இறுக்கி, கவரிங் கடையில வாங்குன மெல்லிசு செயினைக் கருப்படிச்சு ரெண்டு எடத்துல சுத்துனேன்.

ஒன்னே ஒன்னு, மோட்டார் ஓட்டுறதா வெதரிங்கான்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. ட்ராக்குல பொடி பூசுனப்புறம் ஓட்டுனா உதிர்ந்து கியருக்குள்ள போகும். நான் பெயின்ட்டுக்கு முன்னாடி வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன், அக்கா பிள்ளைக கைதட்டுனாங்க, அப்புறம் பேட்டரியைக் கழட்டிட்டேன். நீங்களும் கழட்டிருங்க, உள்ளயே விட்டா ஒழுகி எல்லாம் பாழாயிரும்.