மொறிஸ் மைனரின் முன்சில்லும் ஊர்க் கராஜும்

இந்த முறை யாழ்ப்பாணத்து விடுமுறையில் பாதியை அப்பாவின் மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் தின்றுவிட்டது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது; பலமாக இழுத்தால் முன் இடப்பக்கம் முனகியது. வீட்டில் மைனர் வைத்திருந்தவர்களுக்கு உடனே விளங்கும், ட்ரனியன் இறுகிவிட்டது. முன்சில்லைத் தாங்கித் திரும்பவிடுகிற, திருகாணி போலப் புரி வெட்டிய மூட்டுத்தான் ட்ரனியன். 3,000 மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் காட்டவேண்டிய சாமான் அது. அப்பாவுக்குப் பிறகு வீட்டில் ஒருவரும் கிறீஸ் பம்பைத் தொடவில்லை. அந்தப் புரி தேய்ந்து நழுவினால் ஓடுகிற காரின் சில்லே மடிந்துபோகும்.

முதலில் ரவுனில் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனேன். கார் தூக்கும் லிஃப்ட், ஏசி அறை எல்லாம் இருக்கிறது. "நாளைக்கு வாங்கோ" என்பார்கள், போனால் கார் விட்ட இடத்திலேயே நிற்கும், போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள். கடைசியில், "உந்த ட்ரனியனை வெட்டித்தான் எடுக்கவேணும், முழு செற்றையும் இங்கிலாந்திலயிருந்து இறக்குங்கோ" என்றார்கள்.

நான் இருக்கிற ரொறன்ரோவில் இதைச் சொன்னால் தலையாட்டியிருப்பேன். அங்கே பனிக்கு வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள், அடிப்பக்கம் முழுக்கத் துரு. ஒரு மணித்தியாலக் கூலியே நூறு டொலருக்கு மேல், ஆறுதலாகக் கழற்றுவதைவிட வெட்டி எறிவது மலிவு. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையின்போது நாலு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய ஊர் யாழ்ப்பாணம். இங்கேயும் அதே பதிலா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

பிறகு சித்தப்பா கோண்டாவில் பக்கம் ஒரு ஐயாவிடம் கூட்டிப்போனார். தகரக் கொட்டில், மண் தரை. முதல்நாள் அவர் ஸ்பனரே எடுக்கவில்லை. கம்பி பிறஷால் துருவைச் சுரண்டி, டீசலில் நனைத்த சீலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, "நாளைக்குப் பாப்பம் தம்பி" என்றார். அதே "நாளைக்கு"தான், ஆனால் இங்கே டீசல் வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்தநாள் சில்லைப் பிடிக்கிற கீழ்க்கைக்கு ஜக் கொடுத்து, ஸ்பிரிங் வேலை செய்கிற நீட்டு முறுக்குக் கம்பியின் விசையை அடக்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். காஸ் நெருப்பை ட்ரனியனின் வெளிக்கூட்டுக்கு மட்டும் காட்டினார். வெளிக்கூடு விரிந்தால்தானே உள்ளே இருக்கிற புரி பிடியை விடும். "அந்த நீட்டுக் கம்பியில நெருப்புப் படக்கூடாது, முறுக்குச் செத்துப்போம்." ஒரு பக்கம் பெரிய சுத்தியலைத் தாங்கிப் பிடித்து, எதிர்ப்பக்கம் சின்னதால் தட்டினார். தொம், தொம் என்றுதான் கன நேரம் கேட்டது. திடீரென்று ஓசை மாறிக் கணீரென்றது. கையை எடுத்துவிட்டு, "விட்டிட்டுது" என்றார்.

அப்போதும் கழற்றும் பக்கம் திருப்பவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம், எண்ணெய், திரும்பவும் அதே. இரண்டு சில்லுக்கும் புரி சுற்றுகிற பக்கம் ஒன்றுக்கொன்று எதிர். அது தெரியாமல் பலம் பிடித்தால் இன்னும் இறுகித்தான் போகும். துரு கறுப்புக் குழம்பாய் வழிய, புரி பழுதில்லாமல் கழன்றது. றப்பர் புஷ் மட்டும் புதிது போட்டோம்.

வெட்டச் சொன்னவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம்தான். ஐயாவிடம் வேலை பழகுகிற பெடியன் ஒருவனும் இல்லை, எல்லாரும் ஹைபிரிட் கார்ப் பக்கம் போய்விட்டார்கள்.

வீட்டில் மைனர் நிற்பவர்கள் நாலு கிறீஸ் நிப்பிளுக்கும் தவறாமல் அடியுங்கோ. சில்லைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடிக்கவேணும்; பாரம் இருந்தால் கிறீஸ் புரிக்குள் சரியாக இறங்காது.